மூன்றாம் நம்பர் பை

அவளுக்குப் பம்பரம் என்று பேர் வைத்தது கார் கழுவும் இடத்தின் முதலாளிதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வைத்துவிட்டார். "உட்காரச் சொன்னா நிக்குது, நிக்கச் சொன்னா சுத்துது" என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது வாடிக்கையாளர்கள்கூட "பம்பரம்க்கா, இந்த மெஷின் காசை முழுங்கிடுச்சு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. கால் ஓய்ந்தால் மனசு ஓட ஆரம்பித்துவிடும். மனசு ஓடுவதற்குக் கால் ஓடுவது மேல் என்பது அவள் கட்சி.

அன்றைக்கு இரண்டும் ஓடின.

முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் தம்பியை ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். வேலை போய் அவன் அவள் வீட்டோடு வந்து தங்கி மாசக்கணக்காகிறது. அவள் புருஷன் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர், வீட்டில் தலை காட்டுவதே அபூர்வம். துணைக்கு ஆளாச்சு என்று அவளேதான் தம்பியை வரச் சொன்னாள். ஆனாலும் அவன் சோபாவில் கிடந்தபடி போனைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது வாய் முந்திக்கொண்டது. "சோபாவோட சேர்த்துத் தைச்சு வச்ச மாதிரி கிடக்கறியே, உனக்கே சலிக்கலையாடா?" என்று கேட்டுவிட்டாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காலையில் அவள் எழுந்தபோது சோபா காலி. தோள்பையும் இல்லை, செருப்பும் இல்லை. போர்வை மட்டும் நாலாக மடித்து ஓரமாக வைத்திருந்தது. போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் அலுக்காமல் சொன்னது.

அந்த மடித்த போர்வைதான் அவளை அரித்தது. பிறந்ததிலிருந்து போர்வை மடித்து அறியாத பயல்.

வேலைக்கு வந்தும் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். அவள் வேலையில் முக்கியமானது வேக்குவம் மெஷின்கள். ஒருபக்கம் ஆட்கள் தங்கள் வண்டியைத் தாங்களே கழுவிக்கொள்ளத் தடுப்புச் சுவர் வைத்த கூடங்கள். இன்னொரு பக்கம் தகரக் கூரைக்குக் கீழே இந்த மெஷின்கள் வரிசையாக நிற்கும். நெஞ்சு உயர இரும்பு உருளை, பக்கவாட்டில் நீளமான குழாய். காசு போட்டால் கத்திக்கொண்டே உறிஞ்சும். உறிஞ்சியதில் கனமானதெல்லாம் அடி டிரம்மில் விழுந்துவிடும். மெல்லிய தூசி மேலே எழும்பித் துணிப் பையில் ஒட்டிக்கொள்ளும். பை அடைத்துக்கொண்டால் போச்சு. வெட்டிப் பேச்சுக்காரன் மாதிரி சத்தம் மட்டும் வரும், காரியம் நடக்காது.

ஆகவே தினமும் காலையில் கிளிப்பைத் தட்டி, மூடியைத் தூக்கி, பையை வளையத்தோடு உருவி எடுத்து, பின்சுவரில் அடித்து, வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி நிழலில் உலர்த்தி, ஏற்கெனவே காய்ந்த மாற்றுப் பையை மாட்டவேண்டும். சோப்பு ஆகாது, நுரை துணியின் கண்களுக்குள் தங்கிவிடும். ஈரம் அதைவிட ஆகாது. ஈரப் பையில் தூசி பட்டால் குழைந்து சேறாகி மோட்டாருக்கு மூச்சு முட்டிவிடும்.

அன்று மூன்றாம் நம்பர் இழுக்கவில்லை என்று முதலில் அதைத்தான் திறந்தாள். பை விறைத்துப்போயிருந்தது. வழக்கமாகச் செம்மண் நிறத்தில் இருக்கும் தூசி இன்றைக்கு வெளிர் சாம்பலாக, மாவு போல மெல்லிசாக, நடுநடுவே நறநறவென்று இருந்தது. யாரோ கொத்தனார் சிமெண்ட் மூட்டை ஏற்றின வண்டியைச் சுத்தம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, சுவரோரம் குப்பைச் சாக்கை விரித்து வைத்துவிட்டு, பையை ஓங்கி ஓங்கி அடித்தாள். தம்பி மேல் இருந்த கோபம், தன் வாய் மேல் இருந்த கோபம், அந்தப் போன் பெண்ணின் மேல் இருந்த கோபம், எல்லாம் சேர்ந்து அடித்தது. பாதி சாக்கில் விழுந்தது. பாதியைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. கொஞ்சம் அவள் தலையிலேயே இறங்கியது. டிரம்மில் இருந்ததையும் சாக்கில் கவிழ்த்தாள். பையை மூடிபோட்ட பழைய பெயிண்ட் வாளியில் ஊறப்போட்டாள்.

மாற்றுப் பையைத் தொட்டுப் பார்த்தால் வாய்ப்பக்கம் இன்னும் சில்லென்றிருந்தது. முந்தின நாள் வெயிலே இல்லை. "ஓடாது" என்ற அட்டையை மூன்றாம் நம்பரில் மாட்டிவிட்டு, மற்ற மெஷின்களின் பைகளையும் அடித்துத் தட்டி அதே சாக்கில் கொட்டினாள். இடையிடையே போன். இடையிடையே அந்தப் பெண் குரல்.

அப்போதுதான் அவன் வந்தான். முப்பது வயசு இருக்கலாம். சட்டைப் பித்தானை ஒரு கண் தள்ளிப் போட்டிருந்தான். காரைத் தண்ணீர்க் கூடத்தில் நிறுத்திவிட்டு இறங்கியவன் குழாயைத் தொடாமல் நேராக மூன்றாம் நம்பரிடம் வந்து நின்றான். அட்டையைப் பார்த்தான். மெஷினை ஒரு சுற்றுச் சுற்றினான். மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"அது ஓடாது சார். பக்கத்துல போடுங்க" என்றாள் பம்பரம்.

"இல்லக்கா. நேத்து சாயங்காலம் இதுலதான் நான் வண்டியைக் க்ளீன் பண்ணேன்." மூடியைத் தட்டிக் காட்டினான். "உள்ள இருக்கறது எனக்குத் திரும்ப வேணும்."

"என்ன விட்டுட்டீங்க? மோதிரமா?"

அவன் காரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். முன்சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். குரலைத் தணித்தான்.

"எங்கம்மா" என்றான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவன் சொல்லச் சொல்லப் புரிந்தது. அம்மா போன வாரம் இறந்துபோனாள். அஸ்தியைத் தகனக் கூடத்தில் வாங்கிப் பெட்டியோடு பின்சீட்டில் வைத்து வந்திருக்கிறான். வெளியூரில் இருக்கிற அக்கா பஸ்ஸில் வந்து இறங்கும் நேரம். குறுக்கே ஒரு பைக் வர, பிரேக்கை மிதிக்க, பெட்டி உருண்டு மூடி கழன்றுவிட்டது.

"சீட்டெல்லாம் அம்மா. அக்காவை எங்க உட்கார வைக்கிறது? கையால அள்ளினேன், வரல. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வழியில உங்க போர்டைப் பாத்தேன்..." அவன் மெஷினைக் காட்டினான். "சத்தம் நின்னப்புறம்தான் என்ன பண்ணினேன்னே உறைச்சுது. பெட்டியில அடியில கொஞ்சம் இருக்கு. இப்ப அதைக் கடல்ல கரைக்கப் போயிட்டிருக்கோம். அக்கா பெட்டியை மடியில வச்சிட்டிருக்கா. 'அம்மா இவ்வளவு லேசாவா ஆயிட்டா'ன்னு கேக்கறா. கண்ணாடி அழுக்கா இருக்கு, கழுவிட்டு வரேன்னு பொய் சொல்லிட்டு வந்தேன்."

பம்பரத்தின் கை தன்னையறியாமல் தலைக்குப் போனது. பாதி வழியில் நிறுத்திக்கொண்டாள்.

"இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முதலாளியின் அறைக்கு ஓடினாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. தலைவலியைக் கண்டால் பத்து அடி தள்ளி நிற்கிற ரகம். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து கதவைச் சாத்தினார்.

"வெளியில கொட்டிட்டியா?"

"கொட்டிட்டேன் முதலாளி. எல்லாத்தோடயும் கலந்துபோச்சு."

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத. நாளைக்குக் கேஸு கீஸுன்னு வந்து நிப்பாங்க." மேஜைக்கு அடியில் துழாவி ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டினார். "சாக்குல சாம்பலா இருக்கறதா பாத்து அள்ளிக் குடு. தூசியில அவன் தூசி, இவன் தூசின்னு பேரா எழுதியிருக்கு? அந்தப் பையனுக்கும் மனசு ஆறும்."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. சுவருக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து சாக்கைத் திறந்தாள். முடி, பிஸ்கட் தூள், சிகரெட் துண்டு, யார் காருக்குள்ளேயோ உதிர்ந்த நகத்துண்டு. ஓரத்தில் சாம்பல் நிறமாக ஒதுங்கியிருந்ததை விரலால் வழித்து டப்பாவில் போட்டாள். முடியை எடுத்து எறிந்தாள். மறுபடி வழித்தாள். அதில் எது அந்தம்மா, எது ரோடு என்று அவளுக்கே தெரியவில்லை. டப்பா முக்கால்வாசி நிறைந்தது. மூடியைப் போட்டு, வெளிப்பக்கத்தைத் துடைத்து எழுந்தாள். இதில் என்ன இருக்கிறது, நல்லதுக்குத்தானே என்று நடந்தாள்.

அவள் டப்பாவோடு வருவதைப் பார்த்ததும் அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். குழந்தையை வாங்கிக்கொள்கிறவன் போல, முழங்கையை மடக்கி, விரல்களைச் சேர்த்து. உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"ரொம்ப நன்றிக்கா. நீங்க நல்லா இருக்கணும்" என்றான்.

அந்த வாழ்த்துதான் அவளை முள்ளாகக் குத்தியது. டப்பாவை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள்.

"இது அது இல்ல சார்."

"என்னக்கா?"

"இது எல்லா வண்டித் தூசியும் கலந்தது. உங்கம்மான்னு சொல்லிக் குடுக்கச் சொன்னாங்க. என்னால முடியல." ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். "காலையில நான்தான் பையைச் சுவத்துல அடிச்சேன். சிமெண்ட்டுன்னு நினைச்சேன். பாதி காத்துல போச்சு. மீதி குப்பையில. என் தலையிலயும் இருக்கும். எனக்குத் தெரியாது சார், சத்தியமாத் தெரியாது."

அவன் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது. அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"துளிகூட மிச்சம் இல்லையாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

அந்தக் கேள்வியில்தான் அவளுக்கு வாளி ஞாபகம் வந்தது. எத்தனை அடித்தாலும் பை சுத்தமாகாது. அடித்தால் போகிறது மேல் தூசி. துணிக்குள் ஏறினது தண்ணீரில்தான் இறங்கும். அந்த வாளியில் மூன்றாம் நம்பர் பையைத் தவிர வேறெதையும் அவள் போடவில்லை.

"வாங்க" என்று அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். மூடியைத் திறந்தாள். தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்துக் கிடந்தது. பையைத் தூக்கியதும் அதன் மடிப்புகளிலிருந்து சாம்பல் நிறக் கோடுகள் இறங்கி, வாளியின் அடியில் படிந்திருந்ததோடு சேர்ந்துகொண்டன. "சோப்புப் போடல, வெறும் தண்ணிதான். இதுல அவங்க மட்டும் இருக்காங்கன்னு சொல்லமாட்டேன். நேத்து உங்களுக்கு முன்னாடி வந்த வண்டித் தூசியும் இருக்கும். ஆனா அவங்க இருக்காங்க. அது உறுதி."

"யாரு இருக்காங்க?"

இருவரும் திரும்பினார்கள். காரில் இருந்த அக்கா வந்து நின்றிருந்தாள். இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பது போல அஸ்திப் பெட்டியை ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தாள். "கண்ணாடி கழுவ இவ்வளவு நேரமாடா?" என்றவள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், பெட்டியை லேசாகக் குலுக்கிப் பார்த்தாள். கூர்மையான பெண். பாதியை அவளே கண்டுபிடித்துவிட்டாள். மீதியை அவன் திக்கித் திணறிச் சொன்னான்.

அக்கா கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. பம்பரத்தின் பக்கம் திரும்பினாள்.

"சுவத்துல அடிச்சீங்களா?"

"ஆமாம்மா."

"ரொம்பப் பலமா அடிச்சீங்களா?"

பம்பரம் வாளியைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். "பை அடைச்சுக்கிட்டிருந்துச்சும்மா... பலமாத்தான் அடிச்சேன்" என்றாள்.

அக்காவின் தாடை இறுகியது. "எங்கம்மா வாழ்நாள்ல யார்கிட்டயும் ஒரு அடி வாங்கினதில்ல."

தண்ணீர்க் கூடத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டு மூடினார்கள். அப்போது தம்பிக்காரன், தரையைப் பார்த்தபடியே, "வாங்கினதில்லதான். எல்லாத்தையும் குடுத்தவங்களே அவங்கதானே. தோசைக்கரண்டி, செருப்பு, ஸ்கேலுன்னு" என்றான்.

அக்காவின் மூக்கிலிருந்து 'ஹ்ம்' என்று ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்த வழியிலேயே அழுகையும் வந்தது. பெட்டியைத் தம்பியிடம் தள்ளிவிட்டு, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். பம்பரம் பையை அடித்த அதே சுவர். அவளைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் பம்பரம் இரண்டடி முன்னே போய், ஓரடி பின்னே வந்து தவித்தாள்.

அழுது முடித்ததும் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாளியைக் குடுங்க" என்றாள். "அந்தப் பையையும் போட்டு மூடிக் குடுங்க. அதுல ஒட்டினதும் எங்களுக்கு வேணும்."

முதலாளி வாசலில் வந்து நின்று, பை புதுசு, ஆர்டர் போட்டால் வர நாளாகும் என்று ஏதோ ஆரம்பித்தார். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் வாக்கியத்தை அப்படியே மென்று விழுங்கிவிட்டார்.

பம்பரம் மூடியை அழுத்தி மூடிக் கார் வரைக்கும் தூக்கிப்போய் அக்காவின் காலடியில் வைத்தாள். "பிரேக் போட்டா சாயும்மா, ரெண்டு காலாலயும் இறுக்கிப் பிடிச்சுக்குங்க" என்றாள். அக்கா தலையாட்டினாள். கதவைச் சாத்தும் முன்னால், "அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்திருக்கலாமில்ல?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கார் போய்விட்டது.

அப்புறம் அந்தப் பகல் நகரவே இல்லை. அந்த ஒரு கேள்வி காதுக்குள் புகுந்த எறும்பாகக் குடைந்தது. தூசியை எப்படிப் பார்ப்பது, அதில் என்னத்தைப் பார்ப்பது என்று தனக்குத்தானே வாதாடினாள், ஜெயித்தாள், ஜெயித்தும் நிம்மதி இல்லை. மாற்றுப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "லேசான ஈரம்தானே, மாட்டிடு, ஆளுங்க திரும்பிப் போறாங்க" என்றார் முதலாளி. "மோட்டார் போனா நீங்க பொறுப்பா?" என்று வெடித்தாள். டப்பா யோசனையைச் சொன்னதிலிருந்தே அவருக்கும் அவளை நேருக்கு நேர் பார்க்கத் தெம்பில்லை. திரும்பி உள்ளே போனார். அவள் கூடங்களை இரண்டு முறை கழுவினாள். காய்ந்திருந்த தரையைக் கழுவினாள். தம்பிக்குப் போன் போட்டாள். காலையில் அவன் எந்தப் பக்கம் போயிருப்பான், கையில் பஸ்ஸுக்குக்கூட இருக்கிறதோ என்னவோ. ஒரு மனிதரிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை சோபாவைப் பற்றியதாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசனை போனபோது, குழாயைப் போட்டுவிட்டு அப்படியே சாலை வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தாள்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தால், தம்பி சோபாவில் கிடந்தான். சட்டையெல்லாம் மரத்தூள். கால் இரண்டும் கைப்பிடிக்கு மேல்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று அலறினாள்.

"பர்னிச்சர் கடைக்கு. சாமான் ஏத்தி இறக்க ஆள் வேணும்னாங்க. இந்த வாரம் பாத்துட்டு நிரந்தரமா வச்சுக்கறேன்னிருக்காங்க." அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான். "பீரோவை மாடி ஏத்தி இடுப்பு விட்டுப்போச்சு."

"போன் ஏன்டா அணைஞ்சு கிடக்கு?"

"சார்ஜ் இல்ல."

"போர்வையை மடிச்சு வச்சிருந்தியே."

"மடிக்கக் கூடாதா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "நேத்து நான் சொன்னதுக்குக் கோவிச்சுக்கிட்டுதான் போயிட்டியோன்னு நினைச்சேன்" என்றாள்.

"என்ன சொன்ன?"

"சோபா... தைச்சு வச்ச மாதிரின்னு..."

"அப்படியா சொன்ன? நான் காதுல பாட்டு மாட்டியிருந்தேன்க்கா" என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அவன் காதில் பாட்டு மாட்டியிருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. கேட்டுத்தான் இருப்பான். கேட்டுவிட்டுத்தான் போயிருப்பான். பொய்தான் என்று தெரிந்தும் அதை வாங்கி வைத்துக்கொண்டாள். அவனை எழுப்பிக் குளிக்க அனுப்பி, சூடாக ஏதாவது செய்து போட்டு, அவன் தின்று முடிக்கும் வரை எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். "உட்காரேன்க்கா, தலை சுத்துது" என்றான் அவன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அந்தக் கார் மறுபடி வந்தது. அவன் மட்டும் இறங்கினான். இந்தத் தடவை பித்தான்கள் சரியாக இருந்தன. கழுவிக் கவிழ்த்த வாளியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"உங்கக்கா?" என்று கேட்டாள். அது தவிர வேறொன்றும் கேட்க அவளுக்குத் துணிவில்லை.

"ஊருக்குப் போயிட்டா. வழி முழுக்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசலக்கா. கடல்கிட்ட போனதும் பெட்டியை அவளே கவுத்தா. வாளியையும் கவுத்தா. அப்புறம் அந்தப் பையை எடுத்து, ஒரு முனையை என்கிட்ட நீட்டி, 'பிடிடா'ன்னா. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா முறுக்கிப் பிழிஞ்சோம். திரும்பத் திரும்ப முக்கிப் பிழிஞ்சோம், தண்ணி தெளிவா வர்ற வரைக்கும். கை வலிச்சுது. பையைத் தண்ணியில விடவேணாம்னு அவளே எடுத்துட்டுப் போயிட்டா. எதுக்குன்னு நான் கேக்கல."

"என்னைப் பத்தி ஏதாவது..."

அவன் கொஞ்சம் யோசித்தான். "'கார் கழுவற இடத்து அம்மா அந்த டப்பாவைக் குடுத்திருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்காது'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. கோவமா சொன்னாளா, எப்படின்னு எனக்கும் புரியல."

பம்பரத்துக்கும் புரியவில்லை. அதை அவள் அப்புறம் பல நாள் பல விதமாகச் சொல்லிப் பார்க்கப்போகிறாள்.

மூன்றாம் நம்பர் புதுப் பையோடு நன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. "வேக்குவம் போடறீங்களா? இப்ப ஓடுது" என்றாள், பேச்சை மாற்ற.

அவன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான். "வேண்டாம்க்கா. நேத்து குனிஞ்சு பாத்தேன். சீட்டுக்கு அடியில கம்பி இடுக்குல இன்னும் கொஞ்சம் இருக்கு. எடுக்க மனசு வரல. என்கூடவே வரட்டும்."

வெளிப்பக்கம் மட்டும் கழுவிக்கொண்டான். நிதானமாக, சக்கரம் சக்கரமாக. அவன் முடிக்கும் வரை அவள் கூடத்தின் ஓரத்தில் நின்றாள். இரண்டாம் நம்பரில் யாரோ "பம்பரம்க்கா, இது இழுக்கவே மாட்டேங்குது" என்று கத்தினார்கள். "வரேன்" என்றாள், ஆனால் கார் சாலையில் ஏறும் வரை நகரவில்லை.